மேசையை ஒட்டி உட்கார

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் நான் கடைசியாகச் செய்தது, என் மனைவியின் முக்காலியை ஒரு சுற்று இறக்கியது. வட்ட இருக்கை. ஒரு பக்கம் சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். உயரம் சரியானதும் அடியில் இருக்கும் திருகை இறுக்கிவிட்டால் அசையாது. அந்தத் திருகு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவள் கையெல்லாம் பிளாஸ்டர் மாவாக இருந்ததால் என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னும் ஒரு சுத்து.”

“இதுக்கு மேல எறக்கினா தரையிலதான் உட்காரணும். பேசாம ஒரு பாயை விரிச்சுடறேன்.”

“வாயைக் குறைச்சு கையை ஓட்டுங்க.”

இறக்கினேன், இறுக்கினேன். அவள் உட்கார்ந்து முக்காலியோடு முன்னால் நகர்ந்தாள். மேசை விளிம்பு அவள் வயிற்றைத் தொட்டது. முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, பாதி முடிந்த பல்செட் ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முதுகு நேராக இருந்தது.

“இதான். இனிமே யாரும் இதைத் தொடக் கூடாது.”

“உத்தரவு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். கதவுக்குப் பின்னால் ஹாங்கரில் அவளுடைய புதுச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் இடிக்காமல் ஒதுங்கி வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரப்போகிறவன் எதற்குத் திரும்பிப் பார்க்கிறான்?

மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். பாலீஷ் போடும் மோட்டார் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டே இருந்ததைக் கேட்டு எதிர்வீட்டம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. பல்லை வைத்து அழுத்தினால் அந்தச் சத்தம் இறங்கும், எடுத்தால் ஏறும். அன்று இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. கதவைத் திறந்தபோது மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறவள் மாதிரி இருந்தாளாம். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிறந்ததிலிருந்தே அந்த இடத்தில் குழாய் மெலிந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார்கள்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அதற்கு எட்டு மாதம் முன்னால் அவள் செய்துகொண்ட ஆபரேஷனைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் அதுதான் அவளைக் கொண்டுபோனது என்று நினைத்துவிடக் கூடாது. அவளுடைய அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.

என் மனைவி பல் கட்டுகிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல் அடுக்கி, பாலீஷ் போட்டுத் திருப்பி அனுப்புவாள். எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. சோபா போட வேண்டிய இடத்தில் அவளுடைய மேசையும், டிவி வைக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஊரார் தாடைகளும் இருந்தன. “ஊர்ல பாதிப் பேர் சிரிப்பு என் கைக்குள்ள” என்பாள்.

நான் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே பொடி எழுத்துக் காகிதம், அதை முழுதாகப் படிக்கிற ஒரே மனிதன் அநேகமாக நான்தான். வீட்டில் அதற்கும் ஒரு கேலி உண்டு. “உங்ககிட்ட தலைவலி மாத்திரை கேட்டா, மயக்கம், வாந்தி, மரணம்னு படிச்சுக் காட்டிட்டுத்தான் கையில தருவீங்க. அதுக்குள்ள தலைவலியே போயிடும்.”

அவள் பதின்மூன்று வயது வரை குச்சியாக இருந்தாளாம். அக்கா தையல்காரர், தங்கைக்கு “ஊசி” என்று பேர் வைத்திருந்தார். பிறகு ஒரே வருஷத்தில் மார்பு வளர்ந்தது. வளர்ந்தது நிற்கவில்லை. ஊசி என்ற பேரும் போகவில்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயம் என்றால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் முன்னால் அணைத்தபடியே பள்ளிப் படிப்பை முடித்தாள். கடைச் சட்டை எதுவும் சேரவில்லை. மார்புக்குச் சேர்ந்தால் தோள் தொங்கும், தோளுக்குச் சேர்ந்தால் பட்டன் வாய் பிளக்கும். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்ட வீடு அது. அக்காதான் உட்கார்ந்து தைத்தார்.

அன்றிலிருந்து அவள் போட்ட சட்டை அத்தனையும் அக்கா தைத்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகும் பார்சலில் வரும். அளவே எடுக்கமாட்டார். “அவ அளவு என் விரல்ல இருக்கு” என்பார். முன்பக்கம் இரட்டைத் துணி, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு, உள்ளே ரகசியமாக ஒரு கொக்கி. பார்க்கிறவன் கண் அந்த இடத்தில் நிற்காமல் வழுக்கிப் போய்விடும். அப்படி ஒரு கைவேலை.

தையல் எடையைத் தூக்குமா? என் மனைவி முக்காலியை உயரமாக ஏற்றி வைத்து, மார்பை மேசை விளிம்பின்மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாள். அந்த மேசை அவளுக்குச் சுமைதாங்கி. உடம்பு மேசைக்கு மேலே போனதும் வேலை கீழே போய்விடும், கழுத்து குனியும், கைகள் எட்டி எட்டி வேலை செய்யும். சாயங்காலம் உள்பாடியைக் கழற்றினால் இரண்டு தோளிலும் பட்டை பதிந்த பள்ளம். என் சுண்டு விரலைக் கிடத்தினால் அதில் அடங்கிவிடும். மார்புக்குக் கீழே எப்போதும் வெந்து சிவந்த தோல். எலும்பு டாக்டர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். “எந்த எடையை டாக்டர்?” என்று இவள் கேட்டாள். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்.

மார்பைக் குறைக்க வழி உண்டா என்று அவளாகத்தான் விசாரித்தாள். அவளாகத்தான் நாள் வாங்கினாள். “கூட வாங்க. ஆனா மரணம்கிற வார்த்தையை வாய்ல எடுக்கக் கூடாது” என்று நிபந்தனை போட்டாள்.

அந்தக் காத்திருக்கும் அறையில் எங்களுக்கு எதிரே ஒல்லியான ஒரு பெண், தன் தோழியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் இவளைப் பார்த்தாள், இவள் அவளைப் பார்த்தாள். வந்த காரியம் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. என் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

“நமக்குள்ளயே கொடுக்கல் வாங்கல் முடிச்சுக்கலாமா? டாக்டர் எதுக்கு நடுவுல?”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வரவேற்பு மேசையில் இருந்தவர் எழுந்து பார்த்தார்.

டாக்டர் சின்ன உருவமான பெண்மணி. வழி சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினார். எத்தனை விதம் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சரிந்திருப்பதைத் தூக்கி நிறுத்தினால் மட்டும் போதும் என்று வருகிறவர்கள் உண்டு. அதில் தோலைத்தான் எடுப்பார்கள், எடை அப்படியே இருக்கும். பெரிதாக்க வருகிறவர்களுக்குச் சிலிக்கோன் பை வைக்கலாம், இல்லையென்றால் வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பை எடுத்து நிரப்பலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாதவர்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்வதும் உண்டு. என் மனைவிக்கு வேண்டியது குறைப்பது. உள்ளே இருக்கும் சதையையும் கொழுப்பையும் எடுத்து, மிச்சத்துக்கு வடிவம் கொடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைப்பது.

மேசைமேல் காட்டுவதற்காக ஒரு சிலிக்கோன் பை இருந்தது. அது இவளுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் எடுத்து, தொழில் புத்தியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“இது எத்தனை வருஷம் உழைக்கும் டாக்டர்?”

“ஆயுசுக்கும்னு சொல்ல முடியாது. சிலருக்கு நடுவுல மாத்த வேண்டி வரும்.”

“பல்செட் மாதிரிதான்” என்று திருப்பி வைத்தாள்.

தழும்பு நிச்சயம் இருக்கும் என்றார் டாக்டர். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து நேர் கீழே ஒரு கோடு, மார்பின் அடியில் பிறை மாதிரி ஒன்று. மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், போகவும் போகலாம். பால் கொடுப்பது முடியாமல் போகலாம்.

“அந்த வயசெல்லாம் எங்களைத் தாண்டிப் போயிடுச்சு டாக்டர்” என்றாள். என் கையைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. அது பழைய விஷயம், இரண்டு பேரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

“தோள்ல இருக்கிற பள்ளம்?”

“கொஞ்சம் நிரவலாம். முழுசா போகும்னு சொல்லமாட்டேன்.” பிறகு டாக்டர் பேனாவை எடுத்தார். “சரி, உங்களுக்கு எந்த அளவு வேணும்?”

எல்லோரும் படம் கொண்டுவருவார்கள் போலிருக்கிறது, அல்லது உள்பாடியின் எண்ணைச் சொல்வார்கள். இவள் யோசித்தாள். இவளுக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“எனக்கு ஒரு வேலை மேசை இருக்கு. அதை ஒட்டி உட்காரணும். அந்த அளவு.”

டாக்டர் அதை எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லச் சொன்னாள்.

“எதுக்குப் பொய்?”

“நான் என்னன்னு சொல்றது? அக்கா, நீ இத்தனை வருஷமா தைச்ச அளவு எனக்கு வேண்டாம்னா? அவ கடையைப் பூட்டி சாவியை ஆத்துல எறிஞ்ச மாதிரி இருக்கும் அவளுக்கு. நானே நேர்ல சொல்லிக்கறேன். நேரம் வரட்டும்.”

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், “இருக்கேனா?” என்றாள். இருக்கிறாய் என்றேன். “எவ்வளவு இருக்கேன்?” என்றாள். மருந்து மயக்கத்திலும் அந்த வாய்.

சில வாரங்கள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன். நான் வாரிய கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டம்மா, “பித்தப்பையை எடுத்தாங்களா, சீப்பை எடுத்தாங்களா?” என்று கேட்டார். ஒரு பக்கத் தையல் சீழ் கோத்து ஆற நாள் பிடித்தது. இடது பக்கம் மரத்தே போய்விட்டது. அதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள் அறை நடுவில் நின்று, இரண்டு தடவை குதித்தாள். சும்மா, நின்ற இடத்தில். குதித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தீங்களா என்று கேட்கவில்லை. நான் பார்த்தேன்.

பிறகு கடைக்குப் போய் அந்தச் சட்டையை வாங்கினாள். வெளிர்நீலம், முன்பக்கம் வரிசையாகப் பட்டன், ஹாங்கரில் தொங்கிய ஆயிரம் சட்டையில் ஒன்று. உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தபோது மேல் பட்டனிலிருந்து கீழ் பட்டன் வரை பூட்டியிருந்தது. “பூட்டுது” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். விற்பனைப் பெண் இதில் என்ன அதிசயம் என்று எங்களைப் பார்த்தாள்.

அதை வீட்டில் போடவில்லை. “அக்கா அடுத்த தடவை வரும்போது இதைப் போட்டுக்கிட்டுக் கதவைத் திறப்பேன். அவ பார்ப்பா. பேச்சே வேண்டாம்.”

ஆனால் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பக்கத்து ஊருக்கு ஒரு கல்யாணத் துணி கொடுக்க வந்தவர், பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தார். தயாராகச் சட்டையும் இருந்தது, ஆளும் இருந்தாள். தைரியம்தான் இல்லை. பீரோவின் அடியிலிருந்து பழைய உள்பாடியை எடுத்து மாட்டி, குளியலறையில் இருந்த நீலக் கரை போட்ட கைத்துண்டுகள் இரண்டைச் சுருட்டி உள்ளே திணித்து, அக்கா தைத்த சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டாள்.

“சரியா இருக்கா?”

“இடது பக்கம் ஒரு மாடி கூடுதலா கட்டியிருக்க.”

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க என்று அவளே சிரித்தாள். சாப்பிடும்போது வலப்பக்கத் துண்டு மெல்ல இறங்கியது. அவள் கையை மேல்வயிற்றில் அழுத்திப் பிடித்தபடியே சாப்பிட்டு முடித்தாள்.

“கல் எடுத்த எடம் இன்னும் வலிக்குதாடி ஊசி?”

“விட்டு விட்டு வலிக்குதுக்கா.”

அக்காவின் கண் அவள் சட்டைமேல் நின்றது. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவர் போனதும் இவள் துண்டை உருவிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அடுத்த தடவை கண்டிப்பா. சத்தியமா அந்தச் சட்டைதான்.”

அடுத்த தடவை அக்கா வந்தது, அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது.

கையில் ஒரு புதுச் சட்டை இருந்தது. தங்கைக்கென்று முன்பே வெட்டி வைத்திருந்த துணி. செய்தி கேட்டதும் அதைத் தைத்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். “வேற என்ன செய்றதுன்னு தெரியல தம்பி” என்றார். ஊக்கு எடுக்கக்கூட மறந்து, கழுத்துப் பட்டையில் ஒன்று அப்படியே குத்தியிருந்தது.

குளிப்பாட்டி உடுத்த அவளை உள்ளறைக்குத் தூக்கிப் போனார்கள்; அக்காவும் எதிர்வீட்டம்மாவும் உள்ளே இருந்தார்கள். கதவைச் சாத்தும் முன்பு நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அச்சகத்து ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டம்மா மட்டும் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போனார். மறுபடி வெகுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு அக்கா திறந்து, “வாங்க, பார்த்துக்குங்க. அப்புறம் கூடத்துக்குக் கொண்டுபோகலாம்” என்றார்.

உள்ளே போனேன். பழைய ஆள் படுத்திருந்தாள். எட்டு மாதம் முன்னால் இருந்த அதே பாரம், அதே மேடு, அக்காவின் சட்டைக்குள் நிறைந்து, ஒரு பட்டனும் பிளக்காமல். தலை வாரிய நேர்த்தியைப் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கழுத்துக்கு மேலே அவள். கீழே, அவள் இறக்கி வைத்துவிட்டு வந்த சுமை.

பட்டன் இடைவெளியில் ஒரு நீலக் கரை தெரிந்தது.

“அக்கா, உள்ளே என்ன வெச்சீங்க?”

“துண்டு.”

“எடுத்துடலாம் அக்கா.”

“எடுத்தா?” அக்காவின் குரல் தாழ்ந்தே இருந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்ததால். “எடுத்தா நாலு பேர் என்ன ஏதுன்னு கேப்பாங்க. என் தங்கச்சி என் தங்கச்சி மாதிரி போகட்டும். பித்தப்பைன்னு சொன்னீங்களே ரெண்டு பேரும். பித்தப்பை இங்கயா இருக்கு? சொல்லுங்க தம்பி, இங்கயா இருக்கு? யார் கை வெச்சது இவமேல? இதுலதானே செத்தா?”

“இல்லக்கா.” ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே சொன்னேன். குழாய், பிறவி, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொடி எழுத்தைப் படிக்கிற குரலில்தான் எனக்குச் சொல்ல வந்தது. அந்தக் குரலைத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“அவளாதான் கேட்டு செஞ்சுக்கிட்டா” என்றேன். “மேசையை ஒட்டி உட்காரணும்னு கேட்டா. உட்கார்ந்தா. நேத்து காலையில கூட உட்கார்ந்தா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க தைச்சது வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆகிடும்னு பயந்தா. போன தடவை நீங்க வந்தப்ப உள்ளே இதே துண்டுதான்க்கா. இதே ரெண்டு துண்டு.”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, தோள் குலுங்கியது வேறு விதமாக.

“அதான் ஒரு பக்கம் எறங்கி இருந்துச்சா? பாவி! நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குக் கை போயிடுச்சு, அளவு தப்பிடுச்சுன்னு நினைச்சேன். ஊருக்குப் போய் துணி வெட்ட வெச்சிருந்த பழைய அளவுக் காகிதத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டு, வலப்பக்கத்தைக் குறைச்சுப் புதுசா வெட்டினேன்டி. இந்தச் சட்டைக்கு வலப்பக்கம் குறைச்சல்டி, ஊசி.”

அப்போதுதான் அழுதார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளிர்நீலச் சட்டையை எடுத்து வந்தேன். விலைச் சீட்டு இன்னும் அக்குளுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. “நீங்க வரும்போது இதைப் போட்டுக்கிட்டுக் கதவைத் திறக்கணும்னு வெச்சிருந்தா.”

அக்கா வாங்கினார். “ரெடிமேட்” என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் முப்பது வருஷத் தொழில் இருந்தது. உள்பக்கம் புரட்டி, தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பக்க ஓரத்தை இழுத்துப் பார்த்தார். தங்கையின் தோளில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

“தோள் ஒரு விரக்கடை எறங்குது. கடைக்காரனுக்கு என்ன தெரியும்.”

“அக்கா, நேரமாகுது.”

“இருங்க தம்பி. வெளிய சொல்லுங்க, இருக்கட்டும்னு.”

அவர் பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு தோளையும் ஒரு விரக்கடை பிடித்துத் தைத்தார். பிறகு துண்டுகளை உருவி என் கையில் கொடுத்தார். நான் திரும்பிக்கொள்ளவா என்று கேட்டேன். “நீங்க பார்க்காததா” என்றார். இரண்டு பேருமாகத்தான் உடுத்திவிட்டோம். தழும்பின்மேல் அக்காவின் விரல் ஒரு கணம் நின்றது. தையல்காரர் தையலைப் பார்க்காமல் இருக்க முடியாது. “நல்லா சேர்த்திருக்காங்க” என்றார் மெதுவாக. பட்டனை மேலிருந்து கீழாக அவரே பூட்டினார். பூட்டியது.

கூடத்தில் கிடத்தியபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பித்தப்பை ஆபரேஷனில் இளைத்துவிட்டாள் என்று ஒரு அம்மா மட்டும் சொன்னார். அக்கா அவருக்குப் பதில் சொன்னார்: “இளைக்கல. அவ அளவே இதுதான்.”

அதன் பிறகு வீடு காலியானது. எல்லாச் சாவு வீடும் காலியாகிற விதத்தில்தான்: முதலில் நாற்காலிகள் போயின, பிறகு டம்ளர்கள், பிறகு துக்கம் விசாரிக்கும் போன்கள். கிளினிக்குகளிலிருந்து ஆள் வந்து முடியாத அச்சுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். டிவி வைக்க வேண்டிய இடம் இப்போது வெறும் பலகை. தூசி மட்டும் இன்னும் வெள்ளையாகவே படிகிறது. எங்கிருந்து வருகிறதோ அந்தப் பிளாஸ்டர் மாவு. அச்சகத்திலிருந்து வந்ததும் பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி அன்று வந்த தாளிலிருந்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்துவிடுகிறேன். மயக்கம், வாந்தி. அடுத்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறேன். கேலி செய்ய ஆளில்லாவிட்டால் அது வெறும் பிழை திருத்தம்தான்.

சில மாதம் கழித்து அக்கா வந்தார், பீரோவை ஒழித்துத் தருவதற்காக. தான் தைத்த சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். பிரித்துத் தைத்தால் வேறு யாருக்காவது ஆகும் என்றார். பிறகு முன்னறைக்கு வந்து, கால் வலிக்கிறது என்று முக்காலியில் உட்கார்ந்தார். மேசையை நோக்கி நகர்ந்தார். அவருக்கும் தங்கையின் பழைய உடம்புதான், அந்த வீட்டுப் பெண்களுக்கே அப்படி. மேசை விளிம்பு அவர் மார்பில் இடித்து நின்றது. கையை நீட்டினால் மேசையின் பாதிதான் எட்டியது. முக்காலியை ஏற்றினால் சரியாகும். கை தன்னால் அடியில் இருந்த திருகுக்குப் போனது.

தொடாதீங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே கையை எடுத்துக்கொண்டார்.

“கையைத் தூக்க ரொம்ப நாள் ஆச்சா அவளுக்கு?” என்று கேட்டார், மேசையைப் பார்த்தபடி.

“கொஞ்ச நாள். நான்தான் தலை வாரிவிட்டேன்.”

“எனக்கு யார் வாரிவிடுவா?” என்று சிரித்தார். பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டார். பஸ் நிலையம் வரை கூடப் போனேன். தோளில் மாட்டிய பையின் பட்டையை அடிக்கடி நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே நடந்தார்.

திரும்பி வந்து விளக்கைப் போட்டேன். மேசையைத் துடைக்கிறேன், பலகையைத் துடைக்கிறேன், முக்காலியையும் துடைக்கிறேன், வட்டமாகத் துடைக்காமல் நேராகத் துடைக்கிறேன், சுற்றிவிடக் கூடாதே என்று. தேவையில்லாத கவனம்தான். திருகு இறுக்கமாக இருக்கிறது. முக்காலி அவள் சொன்ன உயரத்திலேயே இருக்கிறது.